ஆசாரிபள்ளம் போக ஏன் கூச்சம்?

சுசீந்திரத்தில் ஒரு வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் மத்தியானத்துக்குள் நாலு ரதவீதிக்கும் தெரிந்துவிடும். அதே பையன் மூன்று வாரமாக ராத்திரி தூங்கவில்லை என்பது வீட்டுக்குள்ளேயே தெரியாமல் கிடக்கும். தெரிந்தாலும் மூச்சு விடமாட்டார்கள். 'வட்டு' (பைத்தியம்) என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் நாளைக்குத் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்கள் என்ற பயம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் போய்ச் சேர்வதில் இந்தப் பயத்துக்கும் பங்கு இருக்கிறது.

பிள்ளை போதையில் மாட்டிக்கொண்டால் "கூட்டுக்காரன் கெடுத்துட்டான்" என்பதுதான் முதல் பேச்சு. அதில் பாதி உண்மை. ஒரே கூட்டத்தில் ஐந்து பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள். நான்கு பேர் விட்டுவிட்டுப் படிக்கப் போயிருப்பார்கள். விடமுடியாமல் நிற்கிற அந்த ஐந்தாவது பிள்ளையை விசாரித்தால், பெரும்பாலும் அதற்கு முன்பே அவனுக்குள் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கும். மனச்சோர்வு, காரணமில்லாத பதற்றம், ஓரிடத்தில் உட்காரவிடாத ஏ.டி.எச்.டி., அல்லது வீட்டில் தினசரி பார்க்கிற அடிதடி. அவனுக்குப் போதை விளையாட்டு இல்லை; மருந்து. நிக்கோட்டின் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் அடக்கும். கஞ்சா தூங்கவைக்கும். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை முகர்ந்தால் எல்லாம் மறந்துபோகும். அந்த நேரம் தீர்ந்ததும் பழைய வியாதி வட்டியோடு திரும்பும். சின்ன வயதிலேயே கஞ்சா தொடங்குகிறவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது அது இருந்திருந்தால் இன்னும் கூடுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மனநலச் சிக்கல் இருப்பதைக் கண்டது. ஆய்வு நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வில் இன்னொரு கணக்கு வந்தது: முகர்கிற போதை பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17 விழுக்காடு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இதுதான். மலிவு, சைக்கிள் கடையில் கிடைக்கும், கேள்வி கேட்பாரில்லை.

பள்ளிக்கூட வாசலில் இன்றைக்குப் பெரிய தலைவலி 'கூல் லிப்' மாதிரியான புகையிலைப் பொட்டலங்கள். புகை இல்லை, வகுப்பில் உட்கார்ந்தபடியே உதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக ஏன் அறிவிக்கக் கூடாது என்றே கேட்டது.

பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும், எதிர்ப்பேச்சாக வரும். நாம் அதைத் திமிர் என்கிறோம். விருப்பமாக விளையாடியதை விட்டுவிடுவது, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாற்றம், மதிப்பெண் திடீரென்று சரிவது, பழைய கூட்டுக்காரர்களை ஒதுக்குவது: இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. போதை தொடங்கிவிட்டதா என்று சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருப்பதைவிட இது முந்திய வேலை, பலனுள்ள வேலை.

வீட்டால் இதைத் தடுக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஐஸ்லாந்து ஒரு பதில். அங்கே 15, 16 வயதினரில் கடந்த மாதத்தில் குடித்து வெறித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடு, 2016இல் 5. அரசு பணம் போட்டு விளையாட்டும் இசையும் கொடுத்தது, பெற்றோர் ராத்திரியில் பிள்ளைகளை வீட்டில் இருத்தினார்கள், கூடவே நேரம் செலவிட்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் உருவாக்கிய முறை இன்னும் சின்னது. ஆலோசகர் குடும்பத்தை மூன்று தடவை சந்திப்பார்: முதலில் பேச்சு, பிறகு வீட்டார் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனிப்பு, கடைசியில் கண்டதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுதல். பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது என்று பெற்றோர் தெரிந்துவைத்திருந்த வீடுகளில் போதைப் பழக்கம் குறைந்தது.

இதை நம் நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் உண்டு. அப்பா வளைகுடாவிலோ கேரளத்திலோ இருப்பார். அம்மா சொன்ன கண்டிப்பை ஆச்சி ஐம்பது ரூபாய் நோட்டில் கரைத்துவிடுவாள். ஆகவே முதல் காரியம், பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு பேச்சுக்கு வருவது. எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், கைச்செலவுக்கு எவ்வளவு, மீறினால் என்ன: மூன்று பேருக்கும் ஒரே பதில் இருக்கட்டும். வீடியோ காலில் வருகிற அப்பா மார்க்கை மட்டும் கேட்காமல், "இன்னைக்கு யாரு கூட விளையாடின மக்களே?" என்று கேட்கலாம். ராத்திரிச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடலாம். அடி வேண்டாம், ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிற பிள்ளையை அடி, அந்தப் பொட்டலத்திடமே திருப்பி அனுப்பும். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் பெரியவர் கையில் பூட்டோடு இருக்கட்டும். நடுவில் நிறுத்த வேண்டாம்.

அப்பா குடிக்கிற வீட்டில் இந்த அறிவுரை எதுவும் ஏறாது. அவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியபோது, குடித்தவரோடு வீட்டாரையும் உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்தார். அதற்குப் பிறகும் 'அவனைத் திருத்துங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்கிற குடும்பங்களே நம்மிடம் அதிகம்.

சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்பது பலருக்குத் தெரியாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் வெறும் 200 ரூபாய். கடைக்காரர் அதைக் கட்டிவிட்டு மறுநாளும் கடை திறப்பார். புகார் எழுதும்போது 77ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள். கல்யாண வீட்டில் "ஒரு மடக்கு குடிச்சா என்ன" என்று பையன் கையில் தம்ளரைத் திணிக்கிற மாமாவுக்கும் இதே பிரிவுதான். பொட்டலம் கடத்தப் பிள்ளையைப் பயன்படுத்துபவருக்கு 78ஆவது பிரிவு. போதைக்குள் இழுக்கப்படும் நிலையிலுள்ள பிள்ளையை இந்தச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே பார்க்கிறது. போலீஸ் பிடித்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம்.

பள்ளிக்கூடம் டி.சி. கொடுத்து அனுப்புகிறேன் என்றால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நீக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டலாம். ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிர்வாகத்திடம் பேசித்தான் ஆக வேண்டும். சிகிச்சையில் இருக்கிறான் என்ற டாக்டர் கடிதம் அப்போது உதவும்.

பயந்துபோய், விளம்பரத்தைப் பார்த்து ஏதாவதொரு மறுவாழ்வு இல்லத்தில் பிள்ளையைத் தள்ளிவிட்டு வருவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனதை மறக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதிவு பெறாத மனநல நிலையம் நடத்தக் கூடாது. யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. சிறுவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பெற்றோர் அமர்த்தியவரோ கூடவே தங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "பெற்றோர் வரக் கூடாது" என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இனிக் கூச்சத்துக்கு வருவோம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலைத் தாண்டினால் போதும். ஓ.பி. வரிசையில் ஊர்க்காரர் யாராவது நிற்பார்களே என்றுதான் பலர் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுகிறார்கள், அல்லது எங்கேயும் போவதில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது அதே 2017 சட்டத்தில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிஞர் கவிமணி, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போன மருமக்கள் வழி வாரிசுமுறை வீடுகளைச் சீரழித்த கதையை ஊரறியப் பாட்டாக்கினார். 1926இல் சட்டமே மாறியது. வீட்டுக் காரியத்தை ஊரறியப் பேசித் தீர்த்த நாடு இது. ஒரு பிள்ளையின் தூக்கமின்மையை ஒரு டாக்டரிடம் சொல்வதற்கு இவ்வளவு தயக்கம் தேவையில்லை.

நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க நினைத்தால் டெலிமனஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. பிள்ளைக்கு யாராவது பொட்டலம் கொடுக்கிறார்கள் என்றால் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. நான்கையும் ஆச்சியின் போனிலும் பதிந்து வையுங்கள்.