கணினி அச்சுப்பொறி

கணினியிலுள்ள எழுத்துகளையும் படங்களையும் தாளில் பதித்துத் தரும் வெளியீட்டுக் கருவி அச்சுப்பொறி ஆகும். இன்று பெரிதும் புழங்கும் அச்சுப்பொறிகள் உருவத்தை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்தே அச்சிடுகின்றன. அப்புள்ளி தாளில் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கொண்டே அவை வகைப்படுத்தப்படுகின்றன. அச்சு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதும் பெரும்பாலும் இதனையே பொறுத்தது.

புள்ளியணி அச்சுப்பொறி

டாட் மேட்ரிக்ஸ் எனப்படும் இதன் தலைப்பகுதியில் பொதுவாக 9 அல்லது 24 ஊசிகள் இருக்கும். மின்காந்தத்தால் உந்தப்படும் ஊசி, மைநாடாவைத் தாளின்மீது அடிக்கும்போது ஒரு புள்ளி விழுகிறது. இரைச்சல் மிகுந்தது; வேகம் குறைந்தது. எனினும் தாளை அடித்து அச்சிடுவதால், கரித்தாள் வைத்து ஒரே அடியில் பல படிகள் எடுக்கலாம். பிற வகைகளில் இது இயலாது.

மைபீச்சு அச்சுப்பொறி

இங்க்ஜெட் எனப்படும் இவ்வகையில் மைத்துளிகள் நுண்துளைகள் வழியே தாளின்மீது பீச்சப்படுகின்றன. சிலவற்றில், நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் சூடாக்கப்படும் மையில் தோன்றும் குமிழி துளியை வெளித்தள்ளும். வேறு சிலவற்றில் மின்னழுத்தத்தால் வளையும் படிகம் அவ்வேலையைச் செய்யும். மையில் கரைந்துள்ள சாயம் நீர்பட்டால் கலையும், வெயிலில் வெளிறும். கரையாத நிறமித் துகள்கள் கொண்ட மை இதைவிட நீடித்து நிற்கும்.

சீரொளி அச்சுப்பொறி

லேசர் அச்சுப்பொறி என்றும் அறியப்படும் இதற்கு அடிப்படை நிலைமின்னியல். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டி, ஒளியையும் தூளையும் கொண்டு முதல் உலர்நகலை எடுத்தார். ஒளிநகலி இதிலிருந்தே பிறந்தது. அதனுடன் சீரொளியை இணைக்கும் பணியை செராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் 1969 அளவில் மேற்கொண்டார்.

இதன் உருளை ஒளிபட்டால் மட்டும் மின்கடத்தும் பொருளால் பூசப்பட்டது. முதலில் உருளை முழுவதும் எதிர் மின்னூட்டம் பெறும். சுழலும் பன்முக ஆடியில் பட்டுத் தெறிக்கும் சீரொளி, எழுத்து அமைய வேண்டிய இடங்களில் மட்டும் அம்மின்னூட்டத்தை நீக்கும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? ஆகவே எதிர் மின்னூட்டமுள்ள மைத்தூள் மற்ற இடங்களால் விலக்கப்பட்டு, ஒளிபட்ட இடங்களிலேயே ஒட்டும். பின்னர் நேர் மின்னூட்டம் தூளைத் தாளுக்கு இழுத்துக்கொள்ள, ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள உருளைகள் அதை உருக்கிப் பதிக்கும். தாள் சூடாக வெளிவருவது இதனாலேயே. மைத்தூளின் பெரும்பகுதி நெகிழி என்பதால் இவ்வச்சு நீரில் கரையாது.

வெப்ப அச்சுப்பொறி

கடைப் பற்றுச்சீட்டுகள் பெரும்பாலும் இதில் அச்சாகின்றன. இதில் மையே இல்லை. தாளின் பூச்சிலுள்ள நிறமற்ற சாயம், சூடுபட்ட இடத்தில் அருகிலுள்ள அமிலப்பொருளுடன் வினைபுரிந்து கறுக்கிறது. வெயிலிலும் சிலவகை நெகிழி உறைகளிலும் எழுத்து மங்கி மறைந்துவிடும். உத்தரவாதத்திற்குத் தேவையான சீட்டை வாங்கிய அன்றே ஒளிநகல் எடுத்துக்கொள்வது நலம். அதை வெப்பத்தால் ஒட்டும் நெகிழி உறையிட்டுக் காக்க முயன்றால், சீட்டு முழுவதும் கறுத்துவிடும்.