கொதித்து அடங்கிய என்ஜின்

கார் என்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்த நெருப்புக்கு மேலே மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட், இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அந்த உலோகம் பல ஆண்டுகள் உழைக்க முக்கியக் காரணம், அதன் மறுபக்கத்தில் ஓயாமல் ஓடும் தண்ணீர். பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டர் வழியே காற்றில் விடுகிறது.

சாதாரண நாளில் தண்ணீரின் வெப்பம் 90 டிகிரியை ஒட்டியே இருக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், கூலன்ட் கலந்த தண்ணீர் 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது இதனால்தான். திறந்த மாத்திரத்தில் அழுத்தம் போய்விடும். அதுவரை அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகி முகத்தில் அடிக்கும்.

ஹோஸ் வெடித்தோ, ஃபேன் நின்றோ, பம்ப் பழுதாகியோ இந்த ஏற்பாடு குலைந்தால், உலோகத்தை ஒட்டியுள்ள தண்ணீர் கொதித்து ஆவிப்படலமாகிவிடும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே வற்றாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதே இயற்பியல்தான் இங்கும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி புகுந்து சூட்டைத் தடுத்துவிடுகிறது. 1756-இல் இதை விளக்கி எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரால் இது அறியப்படுகிறது. தோசைக்கல்லில் வேடிக்கையாக இருப்பது என்ஜினுக்குள் விபரீதம். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளாது.

இதில் ஓட்டுநரை ஏமாற்றும் ஒரு விஷயமும் உண்டு. வெப்பத்தைக் காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்படி அமைக்கப்பட்டது. தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் அது வெறும் ஆவியில்தான் நிற்கும்; அதற்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது. உலோகம் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் தானாக இறங்கியதை நம்பி வண்டியை ஓட்டியவர்கள் பலர்.

சூடு உலோகத்தை நீள வைக்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட், 100 டிகிரி கூடினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்து வார்ப்பிரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். இரண்டையும் எஃகு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் தன் விருப்பத்துக்கு நீள முடியாது, வளைகிறது. அதன் தடிமனும் போல்ட்டைவிட அதிகமாக விரிவதால், நடுவிலுள்ள கேஸ்கெட் அளவுக்கு மீறி நசுங்குகிறது. எல்லாம் ஆறியபின் ஹெட் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். நசுங்கிய கேஸ்கெட் மீண்டு வராது. கொதித்த அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலையில் ஒழுகல் தொடங்குவது இப்படித்தான்.

இந்த கேஸ்கெட்டின் வேலையைப் புரிந்துகொண்டால் பட்டறையில் நடக்கும் சோதனைகள் அத்தனையும் புரிந்துவிடும். எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், உராய்வைக் குறைக்கும் ஆயில் ஆகிய மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தனித்தனி வழிகளில் ஓடுகின்றன. அவை ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது கேஸ்கெட். கொதித்த என்ஜினைச் சோதிப்பதென்றால், இந்த மூன்றில் எது எதற்குள் புகுந்திருக்கிறது என்று தேடுவதுதான்.

முதல் வேலை, வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே நடக்க வேண்டும். என்ஜின் முழுதாக ஆறட்டும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதன்பின் சாவியைத் தொடவே கூடாது. பேரிங்குகளைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். தண்ணீர் கலந்த ஆயிலால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. ஊட்டி போன்ற குளிர் ஊர்களில் குறைந்த தூரமே ஓடும் காரின் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக நுரை கட்டுவதுண்டு. அது காற்றின் ஈரம். ஸ்டிக்கிலும் அந்த நிறம் தெரிந்தால்தான் கவலை.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். மற்றவை பழுப்பேறியிருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே என்ஜினைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் பிளக் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வந்துவிடும். பிளக்கைப் போட்டபடி ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அழுந்தாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இவற்றில் தப்பிய என்ஜினைத்தான் ஓடவிட்டுப் பார்க்கலாம். சைலன்சரில் வெண்புகை வந்தவுடன் பதற வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. குளிர்ந்த காலையில் அதுவே வெண்புகையாகத் தெரியும். சைலன்சர் சூடேறிய பிறகும் புகை அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது என்று பொருள்.

வாயு தண்ணீருக்குள் புகுந்ததைக் கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் அழகானது. ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் புரோமோதைமால் புளூ கலந்த நீலத் திரவத்தை ஊற்றுகிறார்கள். மேலேயுள்ள ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி விட, ரேடியேட்டருக்குள் தேங்கிய காற்று அந்தத் திரவத்தின் வழியே குமிழியிட்டு மேலே ஏறுகிறது. சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், திரவம் நீலமாகவே நிற்கும். பெட்ரோல் என்ஜினின் எரிந்த வாயுவிலோ அது 13 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அது கரைந்து கார்பானிக் அமிலமானதும் நீலம் பச்சையாகி, கண்ணெதிரே மஞ்சளாகிறது. பள்ளி ஆய்வகத்தில் அமிலம், காரம் சோதித்த அதே நிறமாற்றம், ஹெட்டைக் கழற்றாமலே உள்ளேயிருக்கும் ஓட்டையைச் சொல்லிவிடுகிறது.

ஓட்டை எங்கே என்று சொல்வது காற்று. பிஸ்டனை மேலே நிறுத்தி, இரு வால்வுகளும் மூடிய நிலையில், பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் பிஸ்டன் ரிங்குகள் தளர்ந்திருக்கின்றன. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் கேஸ்கெட், அல்லது விரிசல். பக்கத்துப் பக்கத்து இரு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவிலுள்ள கேஸ்கெட் பாலம் எரிந்துபோயிருக்கிறது.

இனி ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. லேத் பட்டறையில் அதைக் கவிழ்த்து வைத்து, துல்லியமான எஃகு அளவுகோலை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்ப்பார்கள். பல ஹெட்டுகளுக்கு அனுமதி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் வளைந்திருந்தால் ஃபேஸிங் போட்டுச் சமப்படுத்தலாம். ஆனால் அடிப்பக்கத்தைச் சமப்படுத்தியதும் வேலை முடிந்துவிடாது. ஹெட் வளையும்போது கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளைகிறது. கேம்ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேட, சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தூவுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்த சாயம் பொடியில் ஊறிச் சிவப்புக் கோடாக எழும்.

தட்டையாகவும் விரிசலின்றியும் இருக்கும் ஹெட்கூடத் தன் வலிமையை இழந்திருக்கலாம். அலுமினியக் கலவைக்குக் கடினத்தன்மை தருவது தொழிற்சாலையில் செய்யப்பட்ட வெப்பப் பதப்படுத்தல். மீண்டும் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பதம் போய் உலோகம் மிருதுவாகிவிடும். போல்ட் மரைகள் பிடி விடும். அதனால்தான் என்ஜினைப் புதுப்பித்துக் கொடுக்கும் சில நிறுவனங்கள், சுமார் 124 டிகிரியில் நடுப்பகுதி உருகும் சிறு வில்லைகளை ஹெட்டில் ஒட்டி அனுப்புகின்றன. முள் பொய் சொல்லலாம். உருகிய வில்லை பொய் சொல்லாது.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஏன் கொதித்தது என்று பார்க்காமல் விட்டால் புது கேஸ்கெட்டும் அதே வழியில் போகும். அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், சுற்றாத ஃபேன், தேய்ந்த பம்ப் என்று காரணத்தைப் பிடித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. முள் சிவப்பைத் தொட்டதும் ஓரம்கட்டி நிறுத்துகிறவர் பெரும்பாலும் ஒரு ஹோஸோ மூடியோ மாற்றுவதோடு தப்பிப்பார். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுகிறவர், மேலே சொன்ன அத்தனை சோதனைகளுக்கும் தன் என்ஜினை அனுப்பிவைக்கிறார்.