வீட்டுப் பூனையால் காட்டு விலங்கிற்கு வரும் நோய்

பாட்டிமார் கதைகளில் பூனை புலிக்கு உறவு. விலங்கு நூலாரும் அவ்வாறே கூறுவர். புலி, சிங்கம், பூமா, லிங்ஸ், வீட்டுப் பூனை ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. உறவு நெருங்கியதாதலின் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுகிறது. அவ்வாறு தாவும் நோய்களுள் ஒன்று பூனை இரத்தப் புற்று வைரஸால் விளைவது. 1964ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் இவ்வைரஸைக் கண்டறிந்தனர்.

உயிரணுவினுள் புகுந்ததும் இவ்வைரஸ் தன் மரபுச் செய்தியைப் படியெடுத்து, அவ்வணுவின் மரபுப் பொருளிலேயே செருகிவிடுகிறது. பின்னர் அவ்வணுவே வைரஸை ஆக்கித்தரும் பட்டறையாகி விடுகிறது. எலும்பு மஜ்ஜை கெடுகிறது, சோகை பிடிக்கிறது, பிற நோய்களை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. ஆயினும் வீட்டுப் பூனைகளுள் பல இதனை வென்று பிழைத்துக்கொள்கின்றன. மனிதருக்கு இது தொற்றுவதாகச் சான்று இல்லை. பூனை வளர்ப்போர் அஞ்சவேண்டுவதில்லை.

உமிழ்நீரே இதன் ஊர்தி. பூனைகள் ஒன்றையொன்று நக்கும்போதும், கடிக்கும்போதும், ஒரே தட்டில் உண்ணும்போதும் பரவும். தாய்ப்பாலின் வழியே குட்டிக்கும் செல்லும். உடலுக்கு வெளியே இவ்வைரஸ் நெடுநேரம் நிலைத்திராது. அங்ஙனமாயின், ஊர்ப் பூனையின் நோய் காட்டு விலங்கை எட்டுவது எவ்வாறு? வேட்டையே வழி. ஊரோரம் திரியும் பூனையைப் பூமா பிடித்துத் தின்கிறது. தன் எல்லைக்குள் நுழைந்த பூனையை லிங்ஸ் கொல்கிறது. இரையோடு நோயும் வாய்க்குள் போகிறது. பிறகு அவ்விலங்குகள் தம்முள் பொருதும்போதும் கூடும்போதும் மேலும் பரவுகிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமாக்கள் 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதாகக் குறைந்திருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்ததால் இனம் நலிந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொணர்ந்துவிட்டனர். இனம் தேறிவரும் வேளையில், 2002க்கும் 2004க்கும் இடையே இந்நோய் தோன்றிற்று. நோய்கண்ட 5 பூமாக்கள் இறந்தன; அவற்றுள் இரண்டு தம்மினத்தோடு பொருது மாண்டவை. வைரஸின் மரபைச் சோதித்தபோது, அது ஒரே வீட்டுப் பூனையிடமிருந்து வந்திருத்தல் கூடும் எனப் புலனாயிற்று. ஒரு பூனை!

ஸ்பெயின் நாட்டு லிங்ஸின் நிலை இதனினும் இரங்கத்தக்கதாயிருந்தது. 2002ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியிருந்தன. அவையும் இரண்டே இடங்களில் வாழ்ந்தன. அவற்றுள் ஒன்றாகிய டொன்யானாவில் 2007இல் இந்நோய் புகுந்தது. கடுஞ்சோகையால் லிங்ஸ்கள் மடியத் தொடங்கின. அதிகாரிகள் காலந்தாழ்த்தவில்லை. எஞ்சியவற்றைப் பிடித்துச் சோதித்தனர், நோயுற்றவற்றைப் பிரித்தனர், நலமானவற்றுக்குத் தடுப்பூசி போட்டனர், அப்பகுதியில் அலைந்த பூனைகளையும் அகற்றினர். சொல்வது எளிது, இவ்வூசியை முதலில் இருமுறை போடவேண்டும், காட்டு விலங்கை ஒருமுறை பிடிப்பதே அரிது. நோய் அடங்கியது. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை 'அழிவை நெருங்கியவை' என்னும் வகுப்பிலிருந்து ஆபத்துக் குறைந்த வகுப்புக்கு மாற்றிற்று.

மலேசியாவுக்கு இது வேற்றுநாட்டுச் செய்தியன்று. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவே என 2022இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் திரெங்கானுவின் டுங்குன் வட்டாரத்தில் ஊருக்குள் வந்து பிடிபட்ட புலியொன்று இறந்தது. அதற்குக் காரணம் டிஸ்டெம்பர் என்னும் வேறொரு வைரஸ் நோய். இது நாய்களுக்கு வருவது; ஆனால் நாய்களோடு நிற்பதில்லை, காட்டிலுள்ள வேறு சிறு விலங்குகளும் இதனைச் சுமக்கும். ஆதலின் இங்கு வீட்டு விலங்குகளுக்கு மட்டும் ஊசி போடுதல் போதாது. புலிக்கே ஊசி போடவேண்டி வரலாம். பூனையின் இரத்தப் புற்று வைரஸைப் பெரும்பாலும் பூனையிடமே தடுத்துவிடலாம்: தடுப்பூசி போட்டு, இரவில் வெளியே விடாமல், குட்டிகளைக் காட்டோரம் கொண்டுபோய் விடாமல் இருந்தால்.