வெயிலின் கணக்கு மண்ணில் இருக்கிறது!

தர்மபுரி மாவட்டத்தில் கேழ்வரகு, சாமை, கொள்ளு பயிரிடும் மானாவாரி விவசாயிகள் விதைக்கும் முன் வானத்தைப் பார்ப்பார்கள். மண்ணையும் பார்ப்பார்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்துவார்கள். உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு. பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது.

"மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது?" இதே கேள்வியை உலக விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள். இதற்கு விடை தெரியாவிட்டால், வருங்காலத்தில் வெயில் எப்படி இருக்கும் என்று சரியாகச் சொல்ல முடியாது.

பானை சொல்லும் பாடம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

நிலமும் அப்படித்தான். ஈரம் இருந்தால், சூரிய வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அது சிறிய செலவு அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி வரச் செய்யும் வெப்பத்தைப் போல் சுமார் 8 மடங்கு வெப்பம், அதை ஆவியாக்கத் தேவை.

ஈரம் வற்றினால் என்ன ஆகும்? அந்த வெப்பம் மண்ணையும் காற்றையும் சுடும். 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மண்ணிலிருந்து மேலும் ஈரத்தை உறிஞ்சும். மண் இன்னும் காயும். வெயில் இன்னும் ஏறும். வட்டிக்கு வட்டி போன்ற கதை!

2003-ம் ஆண்டு ஐரோப்பாவில் இப்படி நடந்தது. முன்பே காய்ந்திருந்த மண், கோடை வெப்பத்தை மேலும் ஏற்றியது. அந்த வெயிலுக்குப் பல்லாயிரம் பேர் பலியானார்கள்.

கம்ப்யூட்டர் கணக்கு

வருங்கால வெப்பத்தை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். ஒரு கணக்கில் மண் சீக்கிரம் காய்கிறது. இன்னொன்றில் மெதுவாகக் காய்கிறது. அதனால் விடையும் மாறுகிறது.

2004-ல் இப்படிப்பட்ட 12 கணக்கு முறைகளை ஒப்பிட்டார்கள். மண்ணின் ஈரம் மழையையே பெரிதும் பாதிக்கும் இடங்கள் தெரிந்தன. வட அமெரிக்காவின் நடுச் சமவெளி ஒன்று. ஆப்பிரிக்காவின் சஹேல் மற்றொன்று. இந்தியாவின் ஒரு பகுதியும் அதில் உண்டு!

மண்ணின் ஈரத்தை இப்போது விண்ணிலிருந்தும் அளக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் நாசா அனுப்பிய செயற்கைக்கோள், மேல் மண்ணில் 5 சென்டிமீட்டர் வரை உள்ள ஈரத்தை அளக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த 'நிசார்' 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஈரத்தைக் கணக்கெடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.

நாம் செய்யக்கூடியது

ஒரு விவசாயி தன் காட்டு ஈரத்தைக் காப்பதால் உலக வெயில் தணிந்துவிடாது. ஆனால் மழை தள்ளிப்போகும் நாட்களில் அவர் பயிர் வாடாமல் நிற்கும்.

கோடை உழவு செய்யலாம். சரிவுக்குக் குறுக்கே உழலாம். வரப்பை உயர்த்தலாம். தொழு உரம் இடலாம். இலை தழையால் மண்ணை மூடலாம். எல்லாம் நம் பெரியவர்கள் செய்த வேலைகளே.

மழை பெய்வது நம் கையில் இல்லை. பெய்த மழையை மண்ணில் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது!