செம்மண் மேட்டில் ஒரு மீன்முள்

லாஸ்பேட்டை நாள்கள் – 14

போன வாரம் கருவடிக்குப்பத்து முந்திரித் தோப்புகளோடு நிறுத்தியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோப்புகளையும் தாண்டி உயரமாக இரும்புக் குழாய்கள் முளைக்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் உச்சியிலும் அலுமினியக் கம்பிகள், பார்த்தால் மீன்முள் மாதிரி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. நாம் இருந்ததோ 130 கிலோமீட்டருக்கும் அப்பால். சென்னைக்காரர்களுக்குப் போக மிஞ்சிய அலைதான் நமக்கு. அதைப் பிடிக்க உயரம் வேண்டும், லாஸ்பேட்டையிடம் உயரம் இருந்தது. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வெறும் புள்ளி பறக்கிற இரவிலும் எங்கள் செம்மண் மேட்டில் ஆள் முகமாவது தெரியும். டவுனில் இருந்த சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க சைக்கிள் மிதித்து மேடேறி வருவார்கள். மற்ற நாளில் லாஸ்பேட்டை என்றால் "அவ்வளவு தூரமா?" என்று கேட்டவர்கள் அவர்கள்.

குட்டைக் கம்பி இருக்கும் முனை வடக்கே சென்னையைப் பார்க்க வேண்டும், நீளக் கம்பி பின்னால் இருக்க வேண்டும். விரற்கடை திரும்பினாலும் படம் போய்விடும். மாடியில் அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"இப்ப தெரியுதா?"

"இல்லண்ணா, இன்னும் கொஞ்சம் கடல் பக்கம்... ஆங், அப்படியே வச்சிரு! ஐயோ, போயிடுச்சே!"

வெள்ளிக்கிழமை இரவுகளில் 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்கு முன் இந்தக் குரல் தெருவுக்கு நாலு வீட்டிலாவது கேட்கும். நிகழ்ச்சி அரை மணி நேரம். அதில் ஒரு பாட்டு முழுக்கத் தெளிவாக வந்துவிட்டால் அந்த வாரத்துக்கு அது போதும்.

எங்கள் தெருவின் முதல் பெட்டிக்குப் புதுச்சேரிக்கே உரிய கதை ஒன்று உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். அவருடைய மகன் பிரான்சிலிருந்து வரும்போது ஒரு டிவியைச் சுமந்துகொண்டு வந்தார். தெருவே கூடியது. திருகித் திருகிப் பார்த்ததில், புள்ளிகளுக்கு நடுவே தலைமுடி வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் ஏதோ அசைந்தது. பேச்சு வரவில்லை, இரைச்சல்தான். பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. பிரான்சின் ஒளிபரப்பு முறையே வேறு. அங்கே படத்தில் வெளிச்சம் கூடக் கூட அலை வலுக்கும், இங்கே இருட்டு கூடக் கூட வலுக்கும். ஒலியை அனுப்பும் முறையும் வேறு. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே மரக்கதவு வைத்த சாலிடேர் பெட்டி வாங்கினார். தபால் நிலையத்தில் ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டி லைசென்சும் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கூடம் தெருவுக்கே கூடமானது. பிள்ளைகள் தரையில், பெண்கள் வாசற்படியில், பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே. யாரையும் அவர் போகச் சொன்னதில்லை. ஷோபனா ரவி செய்தி வாசிக்கும்போது மட்டும் எல்லோரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும், அது அவர் போட்ட ஒரே சட்டம். ழகரமும் றகரமும் அவ்வளவு சுத்தமாக ஒலிப்பதை அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலில் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாடகம், 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி' என்று எதையும் விட்டதில்லை. நெல்லுக்கு உரம் போடுவதைக்கூட முழுசாகப் பார்த்தோம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தால் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

1982-ல் வண்ண ஒளிபரப்பு வந்தது. பெட்டிகள் உடனே மாறிவிடவில்லை. திரைக்கு முன்னால் மாட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் கடைகளில் விற்றது. மேலே நீலம், நடுவில் சிவப்புச் சாயல், கீழே பச்சை. வயல்வெளிப் பாட்டென்றால் வானமும் புல்லும் ஓரளவு பொருந்தும். கதாநாயகியை அருகில் காட்டினால் நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டே புடவை என்ன நிறம் என்று அக்காமார்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அதே 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலை மலையிலிருந்து வரும் அலை, கோடைக்காலத்தில் சில இரவுகள் கடலைத் தாண்டி வெகுதூரம் ஓடிவரும். அன்றைக்கு மீன்முள்ளைத் தெற்கே திருப்புவோம். சிங்களம் ஒரு சொல்கூடப் புரியாது. இலங்கைத் தமிழில் யாராவது பேச வந்துவிட்டால் அத்தனை பேரும் பெட்டியை நெருங்கி உட்காருவோம்.

1987 ஜனவரியில் ஞாயிறு காலை ராமானந்த் சாகரின் 'ராமாயண்' வந்தது. ராஷ்டிரபாஷா தேர்வு எழுதிய பக்கத்து வீட்டு அத்தை ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். தெரிந்த கதைதான், ஆனாலும் அத்தை சொன்னால்தான் எங்களுக்கு நிறைவு. மொழி புரியாத தெளிவான படத்தைவிட, புள்ளி பறக்கிற தமிழ் நாடகத்தையே எங்கள் கூடம் விரும்பியது. இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். திரையில் பாதி முகம்தான் தெரிந்தது. மீதியை வசனமே காட்டிவிட்டது.

என் மனக்குறை ஒன்று. அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் இன்று தேடினால் கிடைப்பவை மிகச் சில. மேடை நடிகர்கள் ஒப்பனையோடு ஸ்டூடியோவுக்கு வந்து நடித்துக் கொடுத்தவை அவை. மேடை நாடகத்தின் ஒரு தலைமுறையே அதில் இருந்தது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய வீடியோ கேசட் கிடந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துப் பிரதி செய்துவிடுங்கள். உங்கள் தெருவில் முதல் பெட்டி யார் வீட்டுக்கு வந்தது, அங்கே எந்த நாடகம் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஆண்டு நினைவில்லாவிட்டாலும் நடிகர் பெயர் இருந்தால் போதும், பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் தாகூர் கலைக் கல்லூரிப் பக்கம் போகலாம்.

(தொடரும்)