மருந்து போட்டும் பேன் திரும்ப வருதா? 9-ம் நாளை மறந்திருப்பீங்க!

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மருந்து போட்டாச்சு, பேன் சீப்பால வாரியாச்சு. பத்து, பன்னிரண்டு நாளில் பிள்ளை மறுபடியும் தலையைச் சொறியுது. ‘ஸ்கூல்ல யார்கிட்ட ஒட்டிக்கிட்டு வந்த?’ என்று திட்டு விழும். பல நேரங்களில் அந்தப் பேன் பள்ளியில் இருந்து வந்ததே இல்லை. தலையில் மிச்சமிருந்த ஈர் பொரிந்து வந்தது.

பெண் பேன் தினமும் ஆறேழு முட்டை இடும். அதுதான் ஈர். முடியின் அடியில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மருந்துக் கடையில் கிடைக்கும் 1% பெர்மெத்ரின் லோஷன் பேனைக் கொல்லும். எல்லா ஈரையும் கொல்லாது. அதனால்தான் 9-ம் நாள் இரண்டாவது முறை போடச் சொல்கிறார்கள். ஞாயிறு போட்டால், அடுத்த வாரம் செவ்வாய். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கண்டிஷனர் இல்லாத ஷாம்பு போட்டு அலசி, துவட்டிய ஈரத்தலையில் லோஷனைத் தடவி, 10 நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் கூடுதல் பலன் கிடைக்காது.

பேன் பார்க்க, ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தொடங்கி பேன் சீப்பால் அடியில் இருந்து நுனி வரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தட்டினால் உதிர்வது பொடுகு. நகத்தால் உருவினால்தான் வருவது ஈர். தலைத்தோலில் இருந்து கால் அங்குலத்துக்கு மேல் தள்ளியிருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடு.

பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் பரவுகிறது. அதனால் ஒரே பாயில் படுக்கும் அக்கா, பாட்டி தலையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். வீடெல்லாம் பூச்சி மருந்து அடிக்கத் தேவையில்லை. அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்பதும் உண்மையில்லை.

மண்ணெண்ணெய், எறும்பு சாக்பீஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். ‘இயற்கைதானே’ என்று அரைத்துப் பூசும் சீத்தாப்பழ விதையும் ஆபத்துதான். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் இப்படி வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

பேனுக்காகப் பிள்ளையை வகுப்பை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது அமெரிக்க குழந்தைகள் மருத்துவ அகாடமி. மொட்டை அடிக்கவும் அவசியமில்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ மட்டும் டாக்டரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.