காப்பிக்கு முன் ஒரு மாத்திரை

சில மாதங்களாக என் அறைக்கு வருகிற பெண்மணிகளில் பலர், நாற்காலியில் அமர்ந்ததும் அமராததுமாகச் சொல்லுகிற முதல் வாக்கியம், "டாக்டர், எனக்குத் தைராய்டு, அதனால்தான் இந்த உடம்பு" என்பதாகவே இருக்கிறது. அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. மாத்திரை தின்றும் எடை இறங்கவில்லையே என்ற கோபத்தில் மாத்திரையையே நிறுத்திவிட்டு, ஆறு மாத காலம் மல்லி ஊறிய தண்ணீரையும் கொள்ளுக் கஞ்சியையும் நம்பியிருந்து, முகம் ஊதி, குரல் கம்மி, சித்திரை வெயிலிலும் போர்வையைத் தேடுகிற நிலையில், கணவர் கைத்தாங்கலாக அழைத்துவர வந்து சேர்ந்தார். எடை முன்னிலும் கூடியிருந்தது. அவரை நான் கடிந்துகொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. கடிந்திருக்க வேண்டியது அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர்களை என்பது அவர் போன பிறகே எனக்குத் தோன்றியது.

எடை முழுவதும் தைராய்டின் எடையா?

தைராய்டுச் சுரப்பி சோம்பிவிட்டால் எடை கூடும் என்பது உண்மையே. எவ்வளவு கூடும் என்று கேட்பவர்தான் அரிது. சாதாரணமாக 2 கிலோவிலிருந்து 4½ கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பன்று, உடம்பு வெளியேற்றாமல் தேக்கிவைத்துக்கொண்ட உப்பும் நீருமே. ஆகவே, மணமான நாளில் 55 கிலோ இருந்து இன்று 80 கிலோவில் நிற்கிற ஒருவர், அந்த 25 கிலோவையும் கழுத்திலிருக்கும் ஒரு சிறு சுரப்பியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. மருந்தின் அளவு சரியாக அமைந்துவிட்டால் சுரப்பியால் வந்த எடை போகும்; பிரசவத்துக்குப் பின் தங்கியதும், நாற்காலி உத்தியோகம் கொண்டுவந்ததும் அந்த மாத்திரைக்குக் கட்டுப்படுவன அல்ல. இதை முதல் நாளே விளக்கிச் சொல்லாத வைத்தியர்களும் இந்த ஏமாற்றத்தில் பங்காளிகள்தாம். கூட்டம் மிகுந்த நாட்களில் நானும் சொல்லாமல் விட்டதுண்டு.

பக்கத்து வீட்டு வைத்தியம்

மல்லித் தண்ணீரின்மேல் எனக்குத் துவேஷம் இல்லை. வெறும் பானமாக அதைக் குடிப்பதால் ஒரு தோஷமும் வராது. மாத்திரையின் ஸ்தானத்தில் அதை அமர்த்தும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. கொள்ளும் அப்படியே. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைச் சொன்னவர்கள் நல்ல தானியத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் தைராய்டு சுரக்கவேண்டிய தைராக்சின் என்ற ஹார்மோனைக் கொள்ளு சுரந்து கொடுக்குமென்று அவர்கள் சொல்லவில்லை.

இன்னொரு சாரார் முட்டைக்கோஸையும் காலிபிளவரையும் விஷம்போல் விலக்குகிறார்கள். பச்சையாக மலை மலையாகத் தின்றாலன்றி, வேகவைத்துப் பொரியலாக உண்பதால் கெடுதல் இல்லை. வயிறு நிரப்பி எடையை உயர்த்தாத காய்களை ஒதுக்கிவிட்டு அவ்விடத்தில் உருளைக்கிழங்கு வறுவலை வைப்பது என்ன பத்தியமோ, எனக்கு விளங்கவில்லை.

அயோடின் விஷயத்தில் குழப்பம் இரண்டு பக்கமும் உண்டு. சிலர் அயோடின் உப்பை அடியோடு நிறுத்தி இந்துப்புக்கு மாறுகிறார்கள். வேறு சிலர் கடற்பாசி மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். அயோடின் உப்புப் பரவிய நாடுகளில் இந்நோய்க்குப் பெருங்காரணம், 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் விவரித்த வியாதியே. அதில் உடம்பின் பாதுகாப்புச் சக்தி தன் சுரப்பியையே பகையென்று கருதித் தாக்குகிறது. அங்கே அதிக அயோடின் குணம் தராது. சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும். சமையலில் சேரும் அயோடின் உப்பே போதும்.

எல்லாவற்றிலும் என் பொறுமையைச் சோதிப்பவர்கள், சீக்கிரம் இளைக்கவேண்டுமென்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்பவர்களும், நோயே இல்லாமல் அக்காளின் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கும் தங்கைகளுமே. இருதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் அதற்குக் கிடைக்கும் கூலி.

"ஆயுள் முழுவதும் மாத்திரையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வதுண்டு. 1891-ல் இங்கிலாந்தில் மர்ரே என்ற வைத்தியர், இந்நோயால் நலிந்த 46 வயது மாதொருத்திக்குச் செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியால் ஏற்றினார். பிற்பாடு அதையே வாய்வழி உட்கொண்டு அவர் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டன. நமக்கோ ஒரு சிறு மாத்திரை. அதுவும் சுரப்பி தானே செய்துவந்த பொருள்தான், பழக்கப்படுத்தும் மருந்தன்று.

காப்பி செய்யும் சூழ்ச்சி

மாத்திரை வேலை செய்யவில்லை என்பவர்களிடம் எப்போது விழுங்குகிறீர்கள் என்று விசாரித்தால், "காப்பியோடுதான்" என்று பதில் வரும். காப்பி அம்மருந்தைக் குடல் உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரைமணியேனும், கூடுமானால் ஒரு மணியேனும் பொறுத்தபின் காப்பியோ பலகாரமோ ஆகட்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும்.

பரிசோதனை

மாத்திரையின் அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச்.சை இரத்தத்தில் பார்த்தால் போதும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமினைத் தின்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக அதை நிறுத்தவேண்டும்.

கேட்டுக்கொள்கிறேன்

பட்டினி கிடக்காதீர்கள், தாய்மார்களே. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் சுண்டலும் முட்டையும் மீனும் வரட்டும். குழந்தைகள் தட்டில் மிஞ்சியது வீணாகிறதே என்று அதை உங்கள் வயிற்றில் போடாதீர்கள். உங்கள் வயிறு குப்பைத் தொட்டியன்று. வாரத்தில் 150 நிமிஷம் விரைந்து நடக்கவேண்டும். சோர்வு மிகுந்தவர்கள் பத்து நிமிஷத்தில் ஆரம்பிக்கலாம். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தால் அதையே வெற்றியாகக் கொள்ளுங்கள். நீங்கள் நடக்கப் போகும் நேரத்தில் வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கணவன்மார்கள். அவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. அநேகருக்கு அளவைக் கூட்டவேண்டியிருக்கும், ஆகையால் தெரிந்த அன்றே வாருங்கள். எடை இறங்கவில்லையென்று கோபம் வந்தால் என் அறைக்கு வந்து என்னோடு சண்டை போடுங்கள். அன்று காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வாருங்கள்.